பேசிப் பழகும் கணக்கு: தொடக்க வகுப்பில் தினமும் 15 நிமிடம் நடத்துவது எப்படி?

பேசிப் பழகும் கணக்கு என்றால் விடையை மட்டும் சொல்லாமல், அதற்கு எந்த வழியில் போனோம் என்பதையும் பிள்ளைகள் எல்லோர் முன்னும் பேசுவது. ஈராசிரியர் பள்ளியில் மூன்று வகுப்புகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டு இதைச் செய்து பார்த்ததை இங்கே வரிசையாக எழுதுகிறேன். தினமும் 15 நிமிடம், ஒரு பருவம் முழுக்க. இதற்காகப் பாடப்புத்தகத்தை ஒதுக்க வேண்டியதில்லை. கணக்குப் பாடவேளையின் முதல் 15 நிமிடத்தை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டால் போதும்.

புதிதாக முயலும் ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். முதல் நாளே விளையாட்டில் தொடங்கிவிடுகிறார்கள். பகடை உருளும், அறை முழுக்கக் கூச்சல், யார் முதலில் போட்டது என்று சண்டை. மூன்றாம் நாள் பகடை பீரோவுக்குள் போய்விடும். அப்புறம் ‘நம்ம பிள்ளைகளுக்கு இதெல்லாம் சரிப்படாது’ என்ற முடிவு. பிள்ளைகள் மேல் குற்றமில்லை, வரிசைதான் மாறிப்போனது. ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்கும் பழக்கம் வந்த பிறகுதான் விளையாட்டில் கணக்கு இருக்கும். அதுவரை வெறும் விளையாட்டுதான்.

1. முன்கூட்டியே சேர்த்து வைக்க வேண்டியவை

செலவு அதிகம் இல்லை. ஒரு படி புளியங்கொட்டை, பிள்ளைகளையே கொண்டுவரச் சொல்லலாம். தென்னந்துடைப்பத்தில் இருந்து சாண் நீளத்துக்கு நறுக்கிய ஈர்க்குச்சிகள், ஒரு பிள்ளைக்கு ஐம்பது வீதம். ரப்பர் பேண்டு ஒரு பாக்கெட். பகடைகள் பத்து. பழைய காலண்டர் அட்டைகளின் பின்பக்கம் போதும், புள்ளி அட்டை செய்ய.

புள்ளி அட்டை என்றால் கையகல அட்டையில் 4 முதல் 10 வரை புள்ளிகள். எல்லாவற்றையும் வரிசையாக வைத்துவிடாதீர்கள். ஏழு புள்ளி என்றால் ஓர் அட்டையில் நான்கும் மூன்றுமாக, இன்னொன்றில் பகடை ஐந்தும் பக்கத்தில் இரண்டுமாக, மற்றொன்றில் மும்மூன்றாக இரண்டு கூட்டமும் நடுவில் ஒன்றுமாக. ஒரே எண்ணுக்கு மூன்று அட்டையாவது வேண்டும். ‘எத்தனை’ என்ற கேள்விக்கு ஒரு விடைதான். ‘எப்படிப் பார்த்தாய்’ என்ற கேள்விக்குப் பல விடை வர வேண்டும், அதற்காகத்தான் இந்த மெனக்கெடல்.

பிளாஸ்டிக் மணிகள், கடையில் விற்கும் கணக்குப் பெட்டி எதுவும் தேவையில்லை. பெட்டி திறந்தால் பாதி நேரம் பெட்டியைப் பற்றியே போகிறது.

2. முதல் வாரம்: யார் எங்கே நிற்கிறார்கள்?

எழுத்துத் தேர்வு வைத்தால் விடை மட்டும் தெரியும், குழந்தை எந்த வழியாக அங்கே போனது என்று தெரியாது. அதனால் ஒவ்வொரு குழந்தையையும் ஐந்து நிமிடம் தனியாக உட்கார வைத்துப் பேசுங்கள். மற்றவர்கள் வாசித்துக்கொண்டோ வரைந்துகொண்டோ இருக்கட்டும். நான்கே கேள்விகள்.

முதலாவது, 23 புளியங்கொட்டையைக் கொட்டி எண்ணச் சொல்வது. எண்ணி முடித்ததும் ‘மொத்தம் எத்தனை?’ என்று கேளுங்கள். சில குழந்தைகள் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குவார்கள். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது அவர்களுக்கு இன்னும் பிடிபடவில்லை.

இரண்டாவது, 16 என்று எழுதிக் காட்டி, 16 கொட்டைகளையும் வைத்து, ‘இந்த 6 எத்தனை கொட்டை?’ என்று 6ஐத் தொட்டுக் கேட்பது. ஆறை நகர்த்துவார்கள். ‘சரி, இந்த 1?’ என்று கேட்டால் நிறையப் பேர் ஒரே ஒரு கொட்டையை நகர்த்துவார்கள். மீதி ஒன்பது கொட்டை அனாதையாகக் கிடக்கும், அது அவர்களை உறுத்தவும் செய்யாது. இடமதிப்பு அட்டவணையைத் தப்பில்லாமல் நிரப்பும் குழந்தையும் இதைச் செய்யும்.

மூன்றாவது, ‘நூற்று ஐந்து’ என்று சொல்லி எழுதச் சொல்வது. 1005 என்று எழுதினால் காதில் விழுந்ததை அப்படியே எழுதுகிறது என்று பொருள். முதல் வகுப்புக்கு இதற்குப் பதில் ‘இருபத்து நான்கு’ போதும், 204 வருகிறதா என்று பாருங்கள்.

நான்காவது, 8 + 4 = ☐ + 5. கட்டத்தில் 12 என்று எழுதுபவர்கள் இருப்பார்கள், எல்லாவற்றையும் கூட்டி 17 எழுதுபவர்களும் இருப்பார்கள். 7 என்பவர் குறைவு. இதை மூன்றாம் வகுப்புக்கு மேல் மட்டும் கேளுங்கள்.

ஒரு நோட்டில் பெயருக்கு நேரே இரண்டு வரி எழுதி வையுங்கள். மதிப்பெண் போட வேண்டாம். பருவ முடிவில் இதே நான்கு கேள்வியைத் திரும்பக் கேட்கப்போகிறோம்.

3. இரண்டாம், மூன்றாம் வாரம்: புள்ளி அட்டையில் பழக்கம்

இந்த இரண்டு வாரத்தில் கணக்கு சுலபமாகத்தான் இருக்க வேண்டும். பழக்கம் படிவதற்கான காலம் இது. கணக்கும் கடினம், பழக்கமும் புதிது என்றால் இரண்டும் ஒட்டாது.

நடத்தும் முறை இது. பிள்ளைகள் கரும்பலகைக்கு அருகில் தரையில், நோட்டு பென்சில் இல்லாமல் உட்காருகிறார்கள். அட்டையை மூன்று விநாடி காட்டி மறைக்கிறீர்கள். விடை தெரிந்தவர் கையைத் தூக்கக் கூடாது, கட்டைவிரலை நெஞ்சுக்கு நேரே வைக்க வேண்டும். இன்னொரு வழியும் தெரிந்தால் கூட ஒரு விரல்.

இந்த விரல் விஷயத்தைச் சிறியது என்று விட்டுவிடாதீர்கள். ஒரு கை ‘டீச்சர் டீச்சர்’ என்று மேலே போன நொடியில் மற்ற பத்துப் பேர் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள். ‘அவன் கண்டுபிடிச்சிட்டான், முடிஞ்சது’. நெஞ்சருகில் இருக்கும் விரல் உங்களுக்கு மட்டும் தெரியும், மெதுவாக யோசிப்பவருக்குத் தொந்தரவு இல்லை.

முக்கால்வாசிப் பேர் விரல் வைக்கும் வரை காத்திருங்கள். முதல் நாட்களில் அந்த அமைதி உங்களுக்குத்தான் கஷ்டமாக இருக்கும். மனதுக்குள் பத்து வரை எண்ணிக்கொள்ளுங்கள். பிறகு நான்கைந்து பேரிடம் விடையை மட்டும் கேட்டு, சரியோ தப்போ எல்லாவற்றையும் பலகையில் எழுதுங்கள். அதற்கு அப்புறம்தான் ‘எப்படிப் பார்த்தாய்?’.

‘எண்ணினேன்’ என்றுதான் முதலில் வரும். பரவாயில்லை. ‘எங்கே இருந்து எண்ணினாய்? எதை எதைச் சேர்த்துப் பார்த்தாய்?’ என்று கேளுங்கள். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ ஒரு குழந்தை ‘மேலே நாலு, கீழே மூணு’ என்று சொல்லும். அந்த நாலையும் மூன்றையும் பலகையில் வட்டமிட்டு, பக்கத்தில் 4 + 3 என்று எழுதி, அதன் பெயரையும் எழுதுங்கள். மறுநாள் விரல்கள் கூடும்.

இங்கே இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. ஒன்று, அட்டையைக் காட்டிக்கொண்டே இருப்பது. அப்படிச் செய்தால் ஒவ்வொன்றாக எண்ணத்தான் தோன்றும், மூன்று விநாடியில் மறைத்தால்தான் கூட்டமாகப் பார்க்கும் கட்டாயம் வரும். மற்றது, சரியான விடைக்கு மட்டும் ‘வெரி குட்’ சொல்வது. விடையைப் பிள்ளைகள் உங்கள் முகத்தில்தான் தேடுவார்கள். எல்லா விடைக்கும் ஒரே முகம் காட்டுவது பழகத்தான் வேண்டும், எனக்கு ஒரு மாதம் ஆனது.

4. நான்காம் வாரம் முதல்: மனக்கணக்குப் பேச்சு

முறை அதேதான், அட்டைக்குப் பதில் கணக்கு. பலகையில் பக்கவாட்டில் எழுதுங்கள்: 8 + 7. ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதினால் குழந்தையின் மூளை உடனே ‘ஒன்றுகள் முதலில், மீதியை மேலே போடு’ என்ற தடத்தில் ஓடிவிடும். பக்கவாட்டில் இருந்தால் எண்களைப் பார்க்கும்.

8 + 7க்கு எங்கள் வகுப்பில் வந்த வழிகள்: ஏழும் ஏழும் பதினாலு, கூட ஒன்று. எட்டுக்கு இரண்டு கொடுத்தால் பத்து, மீதி ஐந்து. எட்டும் எட்டும் பதினாறு, ஒன்று குறை. ஒரு பையன் இரண்டிலும் ஐந்தை எடுத்துப் பத்தாக்கி, மீதி மூன்றையும் இரண்டையும் சேர்த்தான். கைவிரலில் சேர்த்தவர்களும் இருந்தார்கள், அதையும் எழுதினேன்.

எந்த எண்ணைக் கொடுக்கிறோம் என்பதில்தான் ஆசிரியரின் வேலை இருக்கிறது. கையில் வந்ததைக் கொடுத்தால் பேச்சு அலையும். மூன்று கணக்குகளை ஒரு கோவையாகக் கொடுங்கள்: முதலில் 30 + 15, அடுத்து 29 + 15, கடைசியாக 29 + 16. முதல் கணக்கை வைத்து இரண்டாவதைப் பிடிப்பார்கள். கழித்தலுக்கு 52 − 40, அடுத்து 52 − 38. நாற்பதைக் கழித்துவிட்டு, கூடுதலாக எடுத்த இரண்டைத் திரும்பச் சேர்க்கும் வழியை யாரோ ஒருவர் கண்டுபிடிப்பார். யாரும் கண்டுபிடிக்கவில்லை என்றால் நீங்கள் சொல்லாதீர்கள், இரண்டு நாள் கழித்து 61 − 30, 61 − 29 என்று வாருங்கள்.

ஒரு நாளைக்கு ஒரு கோவைதான். பேச்சு சூடுபிடித்தாலும் 15 நிமிடத்தில் நிறுத்துங்கள். இழுத்தால் மறுநாள் ‘ஐயோ’ என்ற முகம் வரும்.

5. பலகையில் எழுதும்போது சமக்குறியைக் காப்பாற்றுங்கள்

இது ஆசிரியர் செய்யும் தவறு, நானும் பல வருடம் செய்தேன். 29 + 16க்குக் குழந்தை சொல்லச் சொல்ல வேகமாக இப்படி எழுதுவோம்: 29 + 1 = 30 + 15 = 45. பேச்சாகக் கேட்டால் சரி. எழுத்தில் 29 + 1 என்பது 45க்குச் சமம் என்றல்லவா நிற்கிறது? சமக்குறி என்றால் ‘அடுத்து விடை வருது’ என்று குழந்தை நினைப்பதற்கு நாமே விதை போடுகிறோம். முதல் வாரம் 8 + 4 = 12 + 5 என்று எழுதியவர்கள் அங்கிருந்துதான் வந்தார்கள்.

தனித்தனி வரியாக எழுதுங்கள். 29 + 1 = 30. கீழே 30 + 15 = 45. ஒரு வரி கூடுதல், அவ்வளவுதான்.

வாரத்தில் ஒரு நாள் பேச்சுக்குப் பதில் ‘உண்மையா பொய்யா’ வையுங்கள். 7 = 7. 9 = 5 + 4. 6 + 3 = 3 + 6. 8 + 2 = 10 + 1. முதல் இரண்டுக்கே சண்டை வரும்: ‘டீச்சர், திருப்பிப் போட்டிருக்கீங்க’, ‘கூட்டலே இல்லையே’. சண்டை வரட்டும். தராசு ஒன்று கிடைத்தால் இரண்டு தட்டிலும் ஒரே அளவுக் கோலிக்குண்டு வைத்துக் காட்டலாம். தட்டில் எந்தப் பக்கம் விடை என்று யாரும் கேட்பதில்லை.

6. குச்சிக்கட்டும் தமிழ் எண் பெயர்களும்

மனக்கணக்குப் பேச்சு நடக்கும் அதே வாரங்களில், மீதிப் பாடவேளையில் குச்சிக்கட்டு வேலை ஓட வேண்டும். பத்துக் குச்சிக்கு ஒரு ரப்பர் பேண்டு. கட்டுவதை நீங்கள் செய்து கொடுக்காதீர்கள். குழந்தை தானே எண்ணிக் கட்டி, தேவைப்படும்போது தானே அவிழ்க்க வேண்டும். 32ல் இருந்து 7ஐ எடுக்க ஒரு கட்டை அவிழ்க்கும் அந்த நேரத்தில்தான் ‘கடன் வாங்குதல்’ புரிகிறது. கடன் என்ற சொல்லே எனக்குப் பிடிக்காது. வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பதே இல்லையே, அது என்ன கடன்? நான் ‘கட்டு அவிழ்ப்பது’ என்றே சொல்கிறேன்.

தமிழ் எண் பெயர்கள் பெரும்பாலும் குழந்தைக்கு உதவி செய்கின்றன. முப்பத்து ஐந்து என்றால் மூன்று பத்தும் ஐந்தும், காதிலேயே இடமதிப்பு இருக்கிறது. ஆனால் ஒன்பதில் ஒரு வளைவு. ஒன்பதின் வாலில் ‘பது’, தொண்ணூற்றில் ‘நூறு’, தொள்ளாயிரத்தில் ‘ஆயிரம்’. ஒவ்வொன்றும் அடுத்த படியின் பெயரை முன்னாலேயே எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறது. அதனால் தொண்ணூறு என்றதும் 900, தொள்ளாயிரம் என்றதும் 9000 எழுதும் குழந்தை முட்டாள்தனமாக எழுதவில்லை, காதால் கேட்டதை ஒழுங்காக எழுதுகிறது. இதைத் தனியாக எடுத்து இரண்டு நாள் பேசுங்கள். எண்பதுக்கு எட்டுக் கட்டு, இன்னொரு கட்டு வைத்தால் ஒன்பது கட்டு, அதற்குப் பெயர் தொண்ணூறு. நூறு ஆக இன்னும் ஒரு கட்டு வேண்டும்.

நூற்று ஐந்தை 1005 என்று எழுதுவதற்கும் ஒரு மருந்து உண்டு. 100, 5 என்று இரண்டு அட்டை செய்யுங்கள். 5 என்ற அட்டையை 100 அட்டையின் கடைசி சைபர் மேல் வைத்து மூடினால் 105. சைபர் அடியில் ஒளிந்திருக்கிறது என்பதைக் குழந்தை தூக்கித் தூக்கிப் பார்க்கும்.

ஒரு எச்சரிக்கை. குச்சியை ஒரு நாள் திடீரென்று பறிக்காதீர்கள். முதலில் குச்சி, பிறகு நோட்டில் கட்டுக்கு ஒரு கோடும் ஒன்றுக்கு ஒரு புள்ளியும் வரைவது, பிறகு எண் மட்டும். நடுவில் உள்ள அந்தக் கோடு புள்ளி நிலையைத் தாண்டிவிடுவதால்தான் ‘குச்சி இருந்தா செய்றான், இல்லைன்னா தெரியல’ என்ற புகார் வருகிறது.

7. ஆறாம் வாரம்: இப்போது விளையாட்டு

எல்லா விளையாட்டுக்கும் ஒரே ஒழுங்கு. முதலில் நீங்களும் ஒரு குழந்தையும் எல்லோர் முன்னும் ஒரு முறை ஆடிக்காட்டுகிறீர்கள். பிறகு இருவர் இருவராக ஐந்து நிமிடம். பிறகு எல்லோரும் நிறுத்தி, கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு, ஒரு கேள்வி. பிறகு மறுபடி ஐந்து நிமிடம். நடுவில் நிறுத்தும் அந்தக் கேள்விக்காகத்தான் மற்ற பத்து நிமிடமும். கேள்வியை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அந்தச் சத்தத்தில் உங்களுக்குத் தோன்றாது.

நால்வர் குழு வேண்டாம். நான்கு பேரில் இருவர் ஆடுவார்கள், மற்ற இருவர் வேடிக்கை பார்ப்பார்கள்.

*பெரிய எண்.* ஆளுக்கு இரண்டு கட்டம் வரைகிறார்கள், பத்துக்கு ஒன்று, ஒன்றுக்கு ஒன்று. பகடை உருட்டி வந்த எண்ணை ஏதாவது ஒரு கட்டத்தில் எழுத வேண்டும், எழுதியதை மாற்ற முடியாது. இரண்டாவது உருட்டல் மற்றக் கட்டத்துக்கு. யாருடைய எண் பெரியதோ அவருக்கு வெற்றி. நிறுத்திக் கேட்கும் கேள்வி: ‘முதலில் 4 வந்தால் எங்கே வைப்பாய்? 3 வந்தால்?’ நான்கைவிடச் சிறியவை பகடையில் மூன்று, பெரியவை இரண்டு. அதனால் 4ஐப் பத்தில் வைப்பது நல்லது. மூன்றைவிடப் பெரியவை மூன்று, சிறியவை இரண்டு. அதனால் 3ஐ ஒன்றில் வைக்கலாம். இரண்டாம் வகுப்புப் பிள்ளை இந்தக் காரணத்தைத் தன் வார்த்தையில் சொல்லும்போது கேட்க வேண்டும்.

*கடைசிக் கல்.* பத்துக் கல். தன் முறை வரும்போது ஒன்றோ இரண்டோ எடுக்கலாம். கடைசிக் கல்லை எடுப்பவர் ஜெயிப்பார். முதல் பத்து ஆட்டம் அதிர்ஷ்டம் என்றே நினைப்பார்கள். கேள்வி: ‘உன் முறை வரும்போது எத்தனை கல் இருந்தால் பயமாக இருக்கும்?’ முதலில் 3 என்று கண்டுபிடிப்பார்கள், ஏனென்றால் ஒன்றை எடுத்தால் எதிராளி இரண்டை எடுப்பார், இரண்டை எடுத்தால் ஒன்றை. அங்கிருந்து 6, 9 என்று பின்னோக்கிப் போக ஒரு வாரம் ஆகும். அவசரப்படாதீர்கள். பத்துக் கல்லில் முதலில் ஆடுபவர் ஒன்றை எடுத்து ஒன்பதை வைத்தால் போதும் என்று பிள்ளைகள் கண்டுபிடித்த மறுநாள், ‘இன்று மூன்று வரை எடுக்கலாம்’ என்று விதியை மாற்றுங்கள். பயமுறுத்தும் எண்கள் இப்போது 4, 8 ஆகிவிடும். மூன்றாம் வாய்ப்பாடும் நான்காம் வாய்ப்பாடும் இங்கே ஒரு காரணத்தோடு வருகின்றன.

*பல்லாங்குழி.* பலகை இல்லாவிட்டால் சாக்பீஸில் தரையில் இரண்டு வரிசை, ஏழு ஏழு வட்டம். நான் முழு ஆட்டத்தையும் ஆட விடுவதில்லை, நேரம் போதாது. ஒரு விதி மட்டும் சேர்க்கிறேன்: காயை எடுத்துப் போடத் தொடங்கும் முன், கடைசிக் காய் எந்தக் குழியில் விழும் என்று விரலால் தொட்டுச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் ஒரு புள்ளி. முதலில் குழி குழியாகத் தொட்டு எண்ணுவார்கள். கேள்வி: ‘எத்தனை காய் எடுத்தால் எடுத்த குழியிலேயே வந்து முடியும்?’ பதினான்கு. அப்படியானால் 15 எடுத்தால்? எண்ணாமல் சொல்ல வேண்டும். ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் ‘பசு’ என்று எடுத்துக்கொள்ளும் விதி உங்கள் ஊரில் இருந்தால் அதையும் வைத்துக்கொள்ளுங்கள், நான்கு நான்காக எண்ண வேறு பயிற்சியே வேண்டாம்.

*தாயம்.* இது நான்கு, ஐந்தாம் வகுப்புக்கு. கட்டையின் நான்கு பக்கம்: ஒன்றுமில்லை, 1, 2, 3. இரண்டு கட்டையும் வெறுமையாக விழுந்தால் 12. ‘தாயம் (அதாவது மொத்தம் 1) ஏன் கேட்கும்போது விழுவதில்லை?’ என்று கேட்டு, இரண்டு கட்டைக்கும் நான்குக்கு நான்காக ஓர் அட்டவணை போடச் சொல்லுங்கள். மொத்தம் 16 கட்டம், தாயம் அதில் இரண்டே இடத்தில், மொத்தம் 3 வருவது நான்கு இடத்தில். ஒரு குழந்தையின் பாட்டி பள்ளிக்கே வந்து ‘பள்ளிக்கூடத்துல தாயமா?’ என்று கேட்டார். அட்டவணையைக் காட்டினேன். பன்னிரண்டுக்கு ஒரே இடம்தான் என்று பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார்.

விளையாட்டில் தோற்றால் அழும் குழந்தை எல்லா வகுப்பிலும் உண்டு. புள்ளிகளை இருவரும் சேர்த்து எண்ணி ‘நேற்றைவிட இன்று எத்தனை கூட?’ என்று ஆட வைத்தால் அழுகை குறையும். எப்போதும் இல்லை.

8. தவறான விடை வரும்போது

52 − 38 = 26. மூன்றாம் வகுப்பில் இது வராத வாரம் கிடையாது. இரண்டில் இருந்து எட்டு போகாது, அதனால் எட்டில் இருந்து இரண்டைக் கழித்துவிடுகிறார்கள். ‘சின்னதில் இருந்து பெரியது போகாது’ என்று முன்னொரு காலத்தில் நாம் சொல்லிக்கொடுத்த விதிதான் இப்படித் திரும்பி வந்திருக்கிறது.

‘தப்பு, திரும்பச் செய்’ என்றால் வேறொரு எண்ணை ஊகித்துச் சொல்லும். முறையைத் திரும்ப விளக்கினால் தலையாட்டும். நான் செய்வது இது. 26ஐயும் 14ஐயும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டு, இரண்டில் எது என்று கேட்காமல் வேறொன்று கேட்கிறேன்: ‘கையில் 52 ரூபாய். 30 ரூபாய்க்குப் பொருள் வாங்கினால் மீதி?’ 22. ‘அப்போ 38 ரூபாய்க்கு வாங்கினால் 22ஐவிட அதிகமா மீதி இருக்குமா?’ கொஞ்ச நேரம் அமைதி. பிறகு 26 என்று சொன்ன குழந்தையே ‘இல்ல டீச்சர், மாத்திக்கிறேன்’ என்று சொல்லும். மாற்றிக்கொள்வது சாதாரண விஷயமாக இருக்க வேண்டும். பழைய விடையை அழிக்காமல் ஒரு கோடு மட்டும் போடுங்கள்.

தவறான விடை சொன்ன குழந்தையை முதலில் விளக்கச் சொல்லாதீர்கள். எல்லா விடையும் பலகைக்கு வந்த பிறகு ‘யாராவது ஒரு விடைக்கு வக்கீலாக வாங்க’ என்று பொதுவாகக் கேளுங்கள். தன் விடை தப்பு என்று ஊகித்த குழந்தை தலைகுனிய வேண்டிய அவசியமில்லை, வேறொரு வழியைக் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

9. வாய்ப்பாடு

ஒப்பிப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. ஈரெட்டு பதினாறு, மூவெட்டு இருபத்து நான்கு என்ற ராகம் நினைவுக்கு நல்லதுதான். ஆனால் ராகம் நடுவில் அறுந்தால் முதலில் இருந்து பாடத்தான் தெரியும். ஏழெட்டு எவ்வளவு என்று தனியாகக் கேட்டால் விழிப்பார்கள். ஒரு சிறுமி ‘ஏழு, இல்லைன்னா எட்டு’ என்றாள். ‘ஏழெட்டுப் பேர் வந்தாங்க’ என்று வீட்டில் பேசுவதுதானே, அவளைச் சொல்லிக் குற்றமில்லை!

கட்டம் போட்ட நோட்டில் ஏழு வரிசை, வரிசைக்கு எட்டுக் கட்டம் வண்ணம் தீட்டச் சொல்லுங்கள். ஐந்தாம் வரிசைக்குக் கீழே ஒரு கோடு. மேலே ஐந்தெட்டு நாற்பது, கீழே ஈரெட்டு பதினாறு, மொத்தம் 56. மறந்துபோனால் மீட்க ஒரு வழி கிடைத்துவிட்டது. நோட்டைத் திருப்பிப் பிடித்தால் எட்டு வரிசை ஏழு. கட்டம் மாறவில்லை, அதனால் 7 × 8, 8 × 7 இரண்டையும் தனித்தனியாக மனப்பாடம் செய்யத் தேவையில்லை. மனப்பாடம் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது என்று தெரிந்ததும் வரும் சந்தோஷம் தனி.

வரிசை: 2, 10, 5 முதலில். பிறகு 4, இரண்டின் இரட்டிப்பு. 8, நான்கின் இரட்டிப்பு. 9க்குப் பத்தில் ஒன்று குறை. 3, 6 அடுத்து. 7 கடைசியில், அதற்குள் ஏழாம் வாய்ப்பாட்டில் 7 × 7 தவிர எல்லாம் ஏற்கெனவே வந்திருக்கும்.

10. மூன்று வகுப்பு, ஒரே அறை

பேச்சுக்குப் பிரிக்காதீர்கள். தமிழ்நாடு அரசு 2022ல் தொடக்க வகுப்புகளுக்குத் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில், பிள்ளைகளை அவர்கள் கற்றிருக்கும் அளவைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பழகியிருப்போம். குச்சிக்கட்டு வேலைக்கும் எழுத்து வேலைக்கும் அந்தப் பிரிவு சரி. புள்ளி அட்டைக்கும் மனக்கணக்குப் பேச்சுக்கும் எல்லோரும் ஒன்றாக உட்காரட்டும். 29 + 15க்கு முதல் வகுப்புக் குழந்தை விடை சொல்லாது, ஆனால் ‘29க்கு ஒண்ணு குடுத்தா 30’ என்பதைக் கேட்டுக்கொண்டிருக்கும். பிறகு 9 + 5க்கு அதையே பயன்படுத்தும். பெரியவர்களே பேசி முடிக்காமல் இருக்க, கோவையின் முதல் கணக்கைச் சின்னவர்களுக்கு என்று ஒதுக்குங்கள்.

11. நோட்டில் என்ன இருக்கும்?

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். பார்வைக்கு வருபவர்களும் கேட்பார்கள், பெற்றோரும் கேட்பார்கள்: ‘ஒரு மாசமா நோட்டுல ஒண்ணுமே இல்லையே?’ அதனால் வெள்ளிக்கிழமை தோறும் அந்த வாரக் கணக்கு ஒன்றை, இரண்டு வழியில், ஒவ்வொரு வழிக்கும் அதைச் சொன்ன நண்பரின் பெயரோடு எழுதச் சொல்லுங்கள். 15 நிமிடம். நோட்டும் நிறையும், அடுத்தவர் வழியைக் கேட்டார்களா என்பதும் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிக் கணக்குப் போடும் முறை எட்டாம் வாரத்துக்கு மேல் வரலாம். எழுதத் தொடங்கும் முன் ‘தோராயமாக எவ்வளவு வரும்?’ என்று நோட்டின் ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள். விடை அதற்கு வெகு தூரத்தில் இருந்தால் நீங்கள் சிவப்பு மை எடுக்கும் முன் குழந்தையே திரும்பிப் பார்க்கும்.

பருவத்தின் கடைசி வாரம் அந்தப் பழைய நோட்டை எடுத்து, அதே நான்கு கேள்விகள், அதே ஐந்து நிமிடம், ஒவ்வொருவராக. 16ல் உள்ள ஒன்றுக்கு இன்னும் ஒரே ஒரு கொட்டையை நகர்த்துபவர்கள் இருந்தால் அவர்களை அடுத்த பருவத்தில் விளையாட்டில் இருந்து அல்ல, குச்சிக்கட்டில் இருந்து தொடங்குங்கள்.